பெட்டி தருவது பாதையை மட்டும்

கேள்வி: சி ஷார்ப் விண்டோஸ் ஃபார்ம்ஸில் கடைக்கான பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். விலைப்பட்டியலை எடுக்க ஓப்பன்ஃபைல்டயலாக் வைத்திருக்கிறேன். பயனர் கேன்சல் அழுத்தினால் புரோகிராம் பிழை காட்டி நின்றுவிடுகிறது. பென்டிரைவிலிருந்து ஃபைலை எடுத்த பிறகு, மென்பொருளின் சொந்த செட்டிங்ஸ் ஃபைலே இல்லை என்கிறது. ஏன்?

பதில்: பயனர் காட்டிய ஃபைலின் பாதையை உங்களிடம் கொடுப்பதோடு ஓப்பன்ஃபைல்டயலாக் பெட்டியின் வேலை முடிந்துவிடும். ஃபைலைத் திறப்பதும் படிப்பதும் உங்கள் பொறுப்பு. முதல் சிக்கலுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

கேன்சல் அழுத்தினால் ஃபைல்நேம் காலியாகவே இருக்கும். காலிப் பாதையைத் திறக்கப் போனால் ஆர்கியுமென்ட்எக்ஸெப்ஷன் வரத்தான் செய்யும். ஷோடயலாக் திருப்பித் தருவது டயலாக்ரிசல்ட்.ஓகே என்றால் மட்டும் மேலே போங்கள். இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடுங்கள். 'எதையும் தேர்வு செய்யவில்லை' என்று மெசேஜ் போடாதீர்கள். கேன்சல் அழுத்தியவருக்கே அது தெரியும்.

இரண்டாவது: ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் நடப்பு ஃபோல்டர் என்று ஒன்று உண்டு. பெட்டியில் வேறு ஃபோல்டருக்குப் போனால் அதுவும் மாறக்கூடும். செட்டிங்ஸ் ஃபைலை வெறும் பெயரால் கூப்பிட்டால், புரோகிராம் பென்டிரைவில் போய்த் தேடும். இதைத் தடுக்க, பெட்டியின் ரெஸ்டோர்டைரக்டரியை ட்ரூ ஆக்கலாம். அதைவிட, ஆப்கான்டெக்ஸ்ட்.பேஸ்டைரக்டரியோடு பெயரைச் சேர்த்து முழுப் பாதையாகக் கொடுப்பதே உறுதியான வழி.

நீங்கள் கேட்காத சிலவும் உண்டு. ஃபில்டரில் விவரத்தையும் நீட்டிப்பையும் பைப் குறி பிரிக்கும். ஒரே வகையில் பல நீட்டிப்புகள் இருந்தால் இடையே அரைப்புள்ளி. ஃபில்டர்இண்டெக்ஸ் 1-லிருந்து தொடங்குகிறது, 0-விலிருந்து அல்ல. ஃபில்டரைக் காவல் என்று நம்பாதீர்கள்: படத்துக்கு சிஎஸ்வி என்று பெயர் மாற்றிக் கொடுத்தாலும் பெட்டி ஏற்றுக்கொள்ளும். உள்ளடக்கத்தை நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

கடைக்காரர் அதே பட்டியலை எக்ஸெலில் திறந்து வைத்திருப்பார். அப்போது ஃபைல்.ஓப்பன்ரீட் ஐஓஎக்ஸெப்ஷன் தரும். ஃபைல்ஸ்ட்ரீமில் ஃபைல்ஷேர்.ரீட்ரைட் கொடுத்தால் பெரும்பாலும் படித்துவிடலாம். தேர்வுக்கும் திறப்புக்கும் நடுவில் பென்டிரைவைப் பிடுங்குபவர்களும் உண்டு என்பதால் ட்ரை–கேட்ச் கட்டாயம்.

கேன்சல், எக்ஸெலில் திறந்திருக்கும் பட்டியல், பெயர் மாற்றிய படம்: இந்த மூன்றையும் சோதித்துப் பார்த்த பிறகே மென்பொருளைக் கடைக்காரரிடம் கொடுங்கள்.