தீர்ப்பும் இரக்கமும்

பிறரைத் தீர்ப்பிடலாகாது என்ற உபதேசத்துடன் மத்தேயு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. யோவான் நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்திலோ, வெளித்தோற்றத்தைக் கொண்டு அல்லாமல் நீதியோடு தீர்ப்பளிக்குமாறு இயேசுபிரானே பணிக்கிறார். இவை முரண்பட்டவை அல்ல. இரண்டு இடங்களிலும் கிரேக்க மூலத்தில் உள்ளது ஒரே வினைச்சொல்தான். பகுத்தறிதல், தீர்ப்பளித்தல், தண்டனைக்கு உள்ளாக்குதல் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு. செயலைப் பகுத்தறிவது மனிதனின் கடமை. செய்தவனின் முழு மதிப்பையும் முடிவுகட்டுவது இறைவனுக்கே உரியது.

13-ஆம் நூற்றாண்டின் தத்துவஞானியாகிய புனித தாமஸ் அக்குவினாஸ், நேர்மையான தீர்ப்புக்கு மூன்று இலக்கணங்கள் வகுத்தார். அது நீதியின்மீதுள்ள பற்றிலிருந்து பிறக்க வேண்டும். அதிகாரம் உடையவரால் வழங்கப்பட வேண்டும். விவேகத்தால் தெளிந்த உண்மையைச் சார்ந்திருக்க வேண்டும். ஐயம் எழும் இடத்தில் பிறரது செயலுக்கு நல்ல பொருளே கொள்ள வேண்டும் என்பதும் அவரது கருத்து. தீயவனை நல்லவன் என்று பலமுறை எண்ணித் தவறினாலும் எவருக்கும் அநீதி இல்லை. நல்லவனைத் தீயவன் என்று எண்ணுவதோ அவனுக்கு இழைக்கும் அநீதி.

இம்மூன்றும் இல்லாத தீர்ப்பு எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்குக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி துயரமான சான்று. அங்கே மனநலம் குன்றிய மது என்ற பழங்குடி இளைஞர் காட்டில் தனித்து வாழ்ந்துவந்தார். 2018 பிப்ரவரி 22 அன்று, அரிசி முதலிய உணவுப்பொருள்களைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டி ஒரு கும்பல் அவரைப் பிடித்தது. கைகளைக் கட்டி அடித்து, முக்காலி என்ற ஊருக்குக் கொண்டுவந்தது. அவருடன் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. காவல்துறையினரிடம் ஒப்படைக்கப்பட்ட அவர், மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே உயிர் நீத்தார்.

அக்கும்பலுக்கு அதிகாரம் இல்லை. உண்மையை அறியும் பொறுமை இல்லை. பிறர் துன்பத்தைப் படம் பிடிக்கும் நெஞ்சில் நீதியின்மீது பற்றும் இல்லை. அரிசி எடுத்தவரின் பசியை எவரும் விசாரிக்கவில்லை.

பின்னர் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் விசாரித்து, 2023 ஏப்ரலில் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. இரக்கம் என்பது குற்றத்தை மூடிமறைப்பதன்று. இறந்தவருக்குரிய நீதியை மறுப்பது இரக்கமே ஆகாது. ஆயினும் இங்கேதான் சாதகனுக்கு உண்மையான சோதனை. அந்த மனிதர்களை மிருகங்கள் என்று தூற்றும் கணத்தில், கும்பலிடம் இருந்த அதே மனப்பான்மை அவனுள்ளும் தலைதூக்குகிறது. நீதிமன்றம் செயலைத் தண்டித்தது. ஆன்மாவைத் தள்ளிவிடும் உரிமை எவருக்கும் தரப்படவில்லை.

4-ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவமியற்றிய மோசே என்ற துறவி, முன்பு கொள்ளையராக இருந்தவர். தவறு செய்த ஒரு துறவியை விசாரிக்கும் சபைக்கு அவரையும் அழைத்தனர். நீர் ஒழுகும் ஓட்டைக் குடத்தைச் சுமந்துகொண்டு அவர் சென்றார். தம் பாவங்கள் பின்னே ஒழுகிக்கொண்டிருக்க, அவற்றைக் காணாமல் மற்றொருவரின் பிழைக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருப்பதாக விளக்கினார். சபையினர் அச்சகோதரரை மன்னித்தனர்.

பிறரைப் பற்றிக் கடுஞ்சொல் எழும்போது சாதகன் மூன்றைத் தன்னிடமே வினவுவானாக: உண்மை முழுதும் தெரியுமா? தீர்ப்பளிக்கும் பொறுப்பு தன்னுடையதா? அச்சொல்லில் அன்பு உண்டா? ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்ற விடை வருமாயின், மௌனமே அறம்.