எஸ்.எஸ்.டி. பழுதானால் கடைக் கணக்கை மீட்கலாமா?

லெப்டொப் திறக்கவில்லை, கடன் பாக்கிக் கணக்கெல்லாம் அதற்குள்தான் என்று வரும் வியாபாரிகளிடம் நான் முதலில் கேட்பது, பழுதானது லெப்டொப்பா, எஸ்.எஸ்.டி.யா என்பதையே. பல லெப்டொப்களில் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, பொருத்தமான யு.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கணினியில் பார்க்கலாம். திறந்தால் உடனே கோப்புகளைப் பிரதி எடுங்கள். 'பிட்லொக்கர்' பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீடு தேவை. அது பெரும்பாலும் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். லெப்டொப்பை அமைத்துத் தந்த பையனின் கணக்கிலென்றால் அவரைத் தேடிப்பிடிக்க வேண்டியதுதான்!

"போர்மட் செய்யவா?" என்று கணினி கேட்டால் சம்மதிக்கவே வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்கில் அழிந்ததையும் பல நேரங்களில் மென்பொருளால் மீட்கலாம். எஸ்.எஸ்.டி.யிலோ 'ட்ரிம்' என்ற கட்டளை வேலை செய்தால், அழித்த கோப்புகள் இருந்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். அதன்பின் மீட்பு மென்பொருளுக்குக் கொடுக்கும் காசு வீண் என்பது என் அபிப்பிராயம்.

வேறு கணினியிலும் எஸ்.எஸ்.டி. தென்படாவிட்டால், அதற்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் பழுதாகியிருக்கக்கூடும். மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்க்காமல், தரவு மீட்பு நிலையத்தில் ஒப்படையுங்கள். கோப்புகள் கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.