குன்றத்தூர்க்காரரின் பெயர்

பூந்தமல்லி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இளவேனிலுக்கு,

நீ அனுப்பிய செய்தியை இரண்டு நாளாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். "ஐயா, விண்ணப்பத்துல சர்நேம் போடாம அடுத்த பக்கம் போகவே மாட்டேங்குது. சேக்கிழாருக்கே சர்நேம் கிடையாது, நான் எங்க போறது?" பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்று.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ் இலக்கியத்தில் இத்தனை பேர் இருக்க, நீ துணைக்கு அழைத்தது அந்த ஒருவரையா? சேக்கிழாருக்கு சர்நேம் மட்டும்தான் உண்டு அம்மா. காணாமல் போனது அவர் பெயர்.

பெரியபுராணம் முழுக்கத் தேடினாலும் அவர் தன்னைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள மாட்டார். அருண்மொழித்தேவர் என்ற பெயர் நமக்குக் கிடைப்பது உமாபதி சிவம் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணத்திலிருந்து. அது 14ஆம் நூற்றாண்டு. புலவரின் காலமோ இரண்டாம் குலோத்துங்கன் ஆண்ட 12ஆம் நூற்றாண்டு. நடுவில் ஏறக்குறைய இருநூறு ஆண்டு. அவர் ஊரான குன்றத்தூரின் கடைத்தெருவில் நின்று "அருண்மொழித்தேவர் கோயிலுக்கு வழி எது" என்று கேட்டுப் பார். ஆட்டோக்காரர் உன்னை வெளியூர் என்று முடிவு கட்டிவிடுவார். சேக்கிழார் என்பது குடிப்பெயர். அவர் தம்பியும் சேக்கிழார்தான், பாலறாவாயர் என்று பெயர். குன்றத்தூரில் அந்தத் தம்பி வெட்டிய குளத்தையும் அதே புராணம் சொல்கிறது.

இன்னொரு ஆளையும் காட்டுகிறேன். மயிலாப்பூர் வாயிலார் நாயனார் கதையை வகுப்பில் நடத்தியபோது பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தாய், எனக்கு நினைவிருக்கிறது. 'வாயிலார்' அவர் பெயர் அன்று. அதுவும் குடியின் பெயர். இதை நமக்குச் சொல்லுபவர் யார்? சேக்கிழாரேதான். வாயிலார் என்று நீண்டு வந்த பெருங்குடியில் தோன்றியவர் என்று எழுதுகிறார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயரைச் சொல்லவில்லை. அடியார் பட்டியலை முதலில் பாடிய சுந்தரர் காலத்திலேயே அது மறைந்திருக்க வேண்டும். சொந்தப் பெயரைக் குடிப்பெயர் விழுங்கிவிட்ட ஒரு நாயனாரைப் பற்றி, அதே கதி நேரப்போகும் ஒரு புலவர் உட்கார்ந்து எழுதுகிறார். இந்த இடத்துக்கு வந்தால் எனக்கு மேலே படிக்க ஓடாது. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு டீ குடிக்கப் போய்விடுவேன்.

சரி, 'கிழார்'. போன மாதம் இங்கே ஒரு திருமண மண்டபத்தில் ஒருவர் மேடையேறி, சேக்கிழார் முதுமையில் பாடியதால் அந்தப் பெயர் என்று பேசினார். கை தட்டினார்கள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். வீட்டில் திட்டு விழுந்தது வேறு கதை. கிழமை என்றால் உரிமை. ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கிழமை என்று படித்தாயே, அது. அகப்பாட்டில் தலைவன் கிழவன், தலைவி கிழத்தி. பதினாறு வயதுப் பெண்ணைக் கிழத்தி என்றால் என்ன பொருள்? ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கு உரிய நாள். அப்படி ஒரு நிலத்துக்கு உரியவன் கிழான், மரியாதைக்குக் கிழார். சோழர் காலத்தில் இதே வேலையை 'உடையான்' என்ற சொல்லும் பார்த்தது. கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் அடைவாக வெளியிட்டார்கள். பெயர்ப்பட்டியலைப் போய் யாராவது படிப்பார்களா என்பாய். நான் ஒரு கோடை விடுமுறை முழுக்க அதைத்தான் படித்தேன். பத்துப் பக்கம் தாண்டியதும் கிழான்களும் உடையான்களும் வேளான்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல ஆகிவிடுவார்கள்.

இனி ஒரு பெயரைக் கல்லில் எப்படிப் படிப்பது என்று பார். கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி இருக்கிறது, இன்றைய அரியலூர் மாவட்டம். அந்தக் கோயில் கல்வெட்டில் நம் குன்றத்தூர்க்காரர் ஒருவர் வருகிறார்: குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவன் ஆன உத்தமசோழப் பல்லவராயன். ஊர், குடி, தந்தை பெயர், தன் பெயர், 'ஆன' என்று ஒரு கொக்கி, கடைசியில் அரசன் தந்த பட்டம். இப்படிப் பெயர் வரும்போது ஊருக்கு முன்னால் மண்டலம், கோட்டம், நாடு என்று இன்னும் ஏறிக்கொண்டே போவதும் உண்டு. குன்றத்தூருக்கு அது சயங்கொண்டசோழ மண்டலத்துப் புலியூர்க் கோட்டம். (நீ வேலைக்குப் போய்வரும் அம்பத்தூர் அப்போது புழற்கோட்டத்தில் ஒரு நாட்டின் பெயர். எஸ்டேட் வந்த பிறகு முளைத்த ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்காதே.) தபால்காரர் கேட்கும் அத்தனையும் பெயருக்குள்ளேயே இருக்கிறது, பின்கோடு ஒன்றுதான் குறை.

உத்தமசோழப் பல்லவன் என்ற பட்டம் நம் புலவருக்கும் கிடைத்ததாகப் புராணம் சொல்வதால், அவரும் இந்த இராமதேவனும் ஒருவரே என்று முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. பட்டம் ஒரு நாற்காலி அம்மா. ஒருவர் எழுந்ததும் இன்னொருவர் உட்காருவார். பெயர் வேறு, ஆள் வேறு. இந்தக் கல்வெட்டிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குன்றத்தூர்ச் சேக்கிழான் ஒருவன் சோழநாட்டின் நடுவில் அதிகாரியாக இருந்திருக்கிறான். பெரியபுராண ஆராய்ச்சியில் ஊன்றிய மா. இராசமாணிக்கனார் கல்வெட்டுச் சேக்கிழான்களைத் தேடித் தொகுத்தார். அவர்கள் தொண்டைநாட்டில் வேரூன்றி, சோழநாட்டுக் கோயில்களில் கொடையாளியாகத் தலைகாட்டுகிறார்கள். வேலை மாற்றல் வாங்கிப் போன ஊரில் உபயம் என்று பெயர் எழுதுவது நம் ஆட்களுக்குப் பழைய வழக்கம். அன்றைக்கு டியூப்லைட் இல்லை, நந்தாவிளக்குக்கு நெய் தரச் சாவா மூவாப் பேராடு.

இங்கே கொஞ்சம் நில். ஊரை ஒட்டி வந்த பெயர் அந்த ஊருக்குள் உதவாது. அம்பத்தூரில் யாரையாவது அம்பத்தூர்க்காரர் என்று கூப்பிடுவார்களா? ஊரை விட்டு வெளியே போன பிறகுதான் ஊர் பெயராகும். திருத்தணியில் 1888இல் ஒரு குழந்தை பிறந்தது, ராதாகிருஷ்ணன். அவருக்கு முன்னால் நிற்கும் சர்வேபள்ளி நெல்லூர் மாவட்டத்து ஊர். முன்னோர் அங்கிருந்து கிளம்பியதால் இல்லப்பெயராக ஒட்டிக்கொண்டது. நம் மாவட்டத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் பலவற்றில் இப்படி ஓர் 'இண்டிபேரு' இன்னும் உண்டு. பள்ளிப் பதிவேட்டில் அது வெறும் ஓர் எழுத்தாகச் சுருண்டிருக்கும். எழுத்தை விரித்தால் ஓர் ஊர் வரும், ஊரைத் தேடினால் அந்தக் குடும்பம் எப்போதோ புறப்பட்ட இடம் வரும்.

இப்படி ஊர் பெயராவதை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு கூத்து நடக்கிறது. போரூருக்கும் குன்றத்தூருக்கும் நடுவில் கோவூர் இருக்கிறதா, உடனே சங்கப் புலவர் கோவூர் கிழார் நம்ம ஊர்க்காரர் என்று சுவரில் எழுதிவிட்டார்கள். அவர் பாடல்களைத் திற. நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் உறையூரில் நடந்த பங்காளிச் சண்டையை விலக்குகிறார். மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடப்போன கிள்ளிவளவனைத் தடுக்கிறார். அவர் கால் பதித்த மண் சோழமண். கோவூர் என்று ஓர் ஊர்தானா தமிழ்நாட்டில்? நம் கோவூருக்குப் பெருமை வேண்டுமென்றால் தியாகராசர் வந்து அந்தச் சுந்தரேசுவரர் மேல் ஐந்து கீர்த்தனை பாடியிருக்கிறார், கோவூர் பஞ்சரத்தினம் என்று இன்றைக்கும் பாடுகிறார்கள். அது போதாதா? இதே போல ஆவடிக்கு ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ஒரு பட்டாள விரிவு சொல்லுவார்களே, அதையும் நீதான் ஒருநாள் வகுப்பில் எழுந்து சொன்னாய். பட்டாளம் வருமுன்பே ஊர் ஆவடிதான். பெயர் முதலில், விரிவு பிறகு.

இப்போது என் பைத்தியத்துக்கு வருகிறேன். 'சே' என்றால் எருது; எருதுக்கு உரியவர், ஏருக்கு உரியவர், அதனால் வேளாளர், அதனால் சேக்கிழார் என்பது வழக்கமான விளக்கம். உரையாசிரியர்கள் சொல்கிறார்கள், நானும் முப்பது ஆண்டு அப்படியே நடத்தினேன். ஒருநாள் மின்சாரம் போன மதியம் சேக்கிழார் புராணத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தொண்டைநாட்டில் குடியேறிய நாற்பத்தெண்ணாயிரம் குடியில் சிறந்தவர்களைச் சொல்லும் இடத்தில் கூடல் கிழான், புரிசை கிழான், வெண்குளப்பாக்கிழான் என்று அடுக்கிவிட்டுத்தான் சேக்கிழாருக்கு வருகிறார் ஆசிரியர். மற்ற எல்லாம் இடப்பெயர்! வெண்குளப்பாக்கம் தேய்ந்து வெண்குளப்பாக்கிழான் ஆகியிருக்கிறது பார். கடைசி ஆள் மட்டும் எதற்கு மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்?

புறநானூற்றில் துறையூர் ஓடைகிழார் என்று ஒருவர். துறையூர் ஊர், அந்த ஊரின் ஓடைக்கு உரியவர். ஊருக்கு உள்ளே ஒரு துண்டு நிலம், அதற்குக் கிழார். (ஓடைக்கே சொந்தக்காரர், ஆனால் ஆய் அண்டிரனிடம் வந்து, கிழிந்து தைத்த துணியில் மண்டும் பேனும் தன் பகை என்று முறையிடுகிறார், 136ஆம் பாட்டு. பெயரைப் பார்த்து வசதியை எடை போடாதே.) அதே அச்சில் குன்றத்தூர்ச் சேக்கிழாரை வைத்துப் பார். ஊர் குன்றத்தூர், அந்த ஊருக்குள் ஏதோ ஒரு நிலம் 'சே'. அது 'செய்' என்கிறேன் நான். நன்செய் புன்செய் என்கிறோமே, அந்தச் செய். செய்தி வாய்க்குள் புகுந்து சேதி ஆகவில்லையா? செய்க்கிழார் சேக்கிழார் ஆகியிருப்பார். வயலுக்கு உரியவர்.

செய்க்கிழான் என்ற எழுத்து எந்தக் கல்வெட்டிலும் இதுவரை என் கண்ணில் படவில்லை. இதைச் சொன்னதும் என் நண்பர், நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்தவர், "மாட்டை அவிழ்த்துவிட்டுட்டு நிலத்தை மட்டும் வெச்சு என்னய்யா பண்ணுவே?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கருத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை.

இந்தக் கிழான்கள் எங்கே போனார்கள் என்று கேட்பாய். குடிப்பெயர் மங்க மங்க, அரசர் தந்த பட்டங்களும் ஊர்ப் பெரியதனப் பெயர்களும் ஏறி உட்கார்ந்தன. பின்னால் அவையே சாதிவால் ஆயின. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அந்த வாலை வெட்டச் சொன்னது. நல்லது செய்தது. ஆனால் சர்நேம் என்று கேட்டாலே சாதியைக் கேட்கிறார்கள் என்று நீ முறைக்க வேண்டியதில்லை. கிழானை மாநாடு வெட்டவில்லை, அவன் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டான். இன்று சேக்கிழார் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள், தெருவுக்கு வைக்கிறார்கள். சர்நேம் கட்டத்தில் அதை எழுதிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

உன் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடு. ஆனால் கவனம். என் கடவுச்சீட்டிலும் அப்படித்தான். மகனைப் பார்க்கப் போனபோது ஒரு விமான நிலையத்தில் ஒலிபெருக்கியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். செத்து இருபது வருடமான என் அப்பாவை விமானத்தில் ஏறச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். துருக்கியில் 1934இல் சட்டம் போட்டு எல்லோரையும் குடும்பப்பெயர் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஐஸ்லாந்தில் இன்னும் பெரும்பாலோர் நம்மைப் போல அப்பா பெயரில்தான் காலம் தள்ளுகிறார்கள். கட்டம் போட்டவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை வைத்திருக்க மாட்டார்.

ஒரு வேலை தருகிறேன். உன் ஆயா வீடு ஆவடி சேக்காட்டில்தானே? சேக்காடு! உடனே சேக்கிழார் எங்கள் ஊர் என்று கிளம்பிவிடாதே, கோவூர்க்காரர்களை இப்போதுதான் திட்டி முடித்தேன். ஆனால் அந்தச் 'சே' எந்தச் சே? எருதா, செய்யா, சேவடியில் வரும் சிவப்பா? ஆயாவிடம் பழைய கிரயப் பத்திரம் இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்றாய். அதில் நான்கெல்லை எழுதியிருக்கும் பக்கத்தில் கழனிப் பெயர்கள் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பு. ஆயாவிடம் மண் என்ன நிறம் என்றும் கேள். வெளிச்சத்தில் வைத்து எடு, போன தடவை அனுப்பியதில் உன் கட்டைவிரல்தான் தெரிந்தது.

அன்புடன்,
உன் தமிழ் ஐயா