அரிதாள் தீயும் செயற்கைக் கோளும்

பஞ்சாபில் அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் நெல்லின் அரிதாளை உழவர்கள் கொளுத்துவது நாமறிந்ததே. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் இயற்றிய சட்டம், ஜூன் 10ஆம் நாளுக்கு முன் நாற்று நடக் கூடாதென்றது. அறுவடையும் பின்தங்கியது, கோதுமை விதைக்கச் சில வாரங்களே எஞ்சின. ஆகவே உழவரை மட்டும் குறை கூற எனக்கு மனமில்லை.

இத்தீயைக் கோள் எவ்வாறு அறிகிறது? எரியும் பொருள் ஏறத்தாழ 4 மைக்ரான் அலைநீள அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக வீசும். 'வீர்ஸ்' என்னும் கருவியின் படம் 375 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களால் ஆனது. ஒரு சதுரத்தின் மூலை எரிந்தாலும் அச்சதுரம் அண்டைச் சதுரங்களைவிடப் பளிச்சிடும். புகையோ சாம்பல் நிறப் படலமாய், காற்றடிக்கும் திசையில் தில்லி நோக்கி நீண்டு தெரியும்.

ஆனால் இக்கருவியைச் சுமக்கும் கோள்கள் பகலில் கடப்பது பிற்பகல் 1.30 மணியை ஒட்டியே. 4 மணிக்கு மூட்டிய தீ கணக்கில் ஏறாது! தீயின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததாகக் கூறப்பட்டது; வானின் புகைச் செறிவு அதற்கேற்பக் குறையவில்லை. பூமியின் சுழற்சியோடு இணைந்து ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் தென்கொரியக் கோள் 10 நிமிடத்துக்கொரு படம் எடுக்கிறது. அப்படங்களை 2024இல் நாசா அறிஞர் ஆராய்ந்தபோது, தீ மூட்டும் வேளை பிற்பகலின் கடைசிக்கு நகர்ந்திருந்தது புலனாயிற்று.

தீயை எண்ணுவதைவிட எரிந்த பரப்பை அளப்பதே மேலென்பது என் கருத்து. கரிந்த வயல், உழும் வரை கரியாகவே கிடக்குமன்றோ?