ஆபரேஷன் முடிந்தது, அப்புறம்?



குழுக் கூட்டத்தில் மருத்துவக் கடன் விண்ணப்பம் வந்தால் நாம் யாரும் தட்டிப் பேசுவதில்லை. "இருதய ஆபரேஷன்", "இடுப்பு எலும்பு ஆபரேஷன்" என்று நோக்கம் எழுதி, உடனே தீர்மானம் போட்டுவிடுகிறோம். மதுரைக்குப் போய் ரொட்டியும் பழமும் கொடுத்துப் பார்த்துவிட்டும் வருகிறோம். ஆள் வீடு திரும்பியதும் அந்தப் பேச்சு அதோடு நின்றுபோகிறது. ஆபரேஷன் நிலைக்குமா என்பதோ வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

மேலூர்ப் பக்கம் ஒரு உறுப்பினருக்கு இருதய வால்வு மாற்றினார்கள். இரண்டு வருஷம் நன்றாக இருந்தார், களையெடுக்கவும் போனார். அறுப்பு சமயத்தில், "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். இருபது நாள் கழித்து ஒரு விடியற்காலை மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போயிற்று. புது வால்வில் ரத்தம் உறைந்து, கதவு சரியாகத் திறக்கவில்லை. 108-ல் ஏற்றிப் போய், உறைவைக் கரைக்கும் மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அந்தக் குழுவுக்கு நாங்களும் மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருந்தோம். தவணை கட்டியாச்சா என்று கேட்டோம். மாத்திரை சாப்பிட்டாச்சா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

வால்வு என்றால் என்ன? கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு இருக்கிறதே, ஏறின தண்ணீரைத் திரும்ப விடாது. இருதயத்திலும் அப்படி நான்கு உண்டு. சின்ன வயதில் தொண்டைப்புண் வந்து, பிறகு காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாகப் படுத்தும் ருமாட்டிக் காய்ச்சல் இந்த வால்வைக் கெடுக்கும். பத்து வயதில் வந்தது முப்பது வயதில், அதுவும் பிள்ளை உண்டாகும் நேரத்தில், மூச்சிரைப்பாக வெளியே தெரியும். சிலருக்கு பலூன் வைத்து விரித்தாலே போதும். மற்றவர்களுக்கு வால்வையே மாற்ற வேண்டும். வெளிநாட்டு வால்வை மட்டும் நம்பியிருந்த காலத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் நம் நாட்டிலேயே ஒன்றைச் செய்தார்கள். முதல் சில மாதிரிகள் சோதனையில் தோற்றுப்போயின. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இன்றுவரை லட்சம் பேருக்கு மேல் வைத்தாகிவிட்டது.

உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் ரத்தம் கசியும். அதற்குத்தான் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. சாதாரண ஆளுக்கு 1 அளவில் இருக்கும். வால்வு வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் 2-க்கும் 3.5-க்கும் நடுவே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். உங்கள் அளவு என்ன என்று டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள். முருங்கைக்கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்றில்லாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரையோ, நாட்டு மருந்தோ கேட்காமல் வாங்க வேண்டாம். பல் பிடுங்கும் முன் வால்வு வைத்த விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பிள்ளை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும், இந்த மாத்திரைகளில் சில கருவைப் பாதிக்கும். ஈறில் ரத்தம், கறுப்பு மலம், அடங்காத தீட்டு என்றால் அன்றே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறினாலோ, வாய் கோணினாலோ, வால்வின் 'டிக் டிக்' சத்தம் மங்கினாலோ 108-தான். மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி போடுகிறவர்கள், ஆபரேஷன் ஆகிவிட்டதென்று தாங்களாக அதை நிறுத்தக்கூடாது.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பதில் வால்வு மாற்றும் செலவு அடங்கும். அந்தக் கார்டை வைத்துத்தான் நம் பெண்கள் பலர் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்கிறார்கள். ஆனால் ரத்தம் பார்க்கப் போகிற பஸ் காசும் அன்றைய கூலியும் எந்தக் கார்டிலும் வராது. மேலூர் உறுப்பினர் நிறுத்தியதும் அதனால்தான் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அந்தக் குழுவில் அவருடைய பரிசோதனைத் தேதியைத் தீர்மான நோட்டில் எழுதி, தவணையோடு சேர்த்து வாசிக்கிறார்கள்.

எலும்பு விஷயத்தில் வேறு தவறு நடக்கிறது. வயதான மாமியார் வழுக்கி விழுவார். கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு மூட்டு முறிந்திருக்கலாம். எண்ணெய் தடவி நீவிக் கட்டுப்போட்டு ஒரு வாரத்தைக் கடத்திவிடுகிறோம். கை முறிவுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ஒன்றிரண்டு நாளில் ஆபரேஷன் செய்து, முடிந்தால் மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் படுக்கைப்புண், நெஞ்சுச்சளி, காலில் ரத்த உறைவு எல்லாம் வரும். பல நாடுகளில் பார்த்ததில், இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்துக்கு ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. பயமுறுத்த எழுதவில்லை; "வயசான காலத்துல எதுக்கு நடக்க வச்சுக்கிட்டு, படுத்திருக்கட்டும்" என்று பாசத்தில் சொல்வதுதான் அவர்களுக்குக் கெடுதலாக முடிகிறது. மூட்டு மாற்றியவர்கள் டாக்டர் சொல்லும்வரை சம்மணம் போடவோ குத்தவைக்கவோ கூடாது. கக்கூஸுக்கு ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று போதும்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு குழுவில், மாமியாருக்காகக் கொல்லைப்புறச் சுவரில் கைப்பிடிக் கம்பி பதிக்க 2,000 ரூபாய் கடன் கேட்டார்கள். வீட்டுப் பராமரிப்பு என்று எழுதுவதா, வேறு என்னவென்று எழுதுவது என்று கணக்கு எழுதுகிற பெண் எங்களைக் கேட்டார். மருத்துவம் என்றே எழுதச் சொன்னோம்.