பின்சக்கரத்துக்கு நூல் பிடித்துப் பாருங்கள்

எங்கள் ஊர் திருவாமாத்தூரிலிருந்து விழுப்புரம் ஆறேழு கிலோமீட்டர்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிவிட்டுப் போன பிறகு, எங்கள் பக்கத்துச் சாலைகளில் எது தார், எது பள்ளம் என்றே தெரியவில்லை. தண்ணீர் மூடியிருந்த ஒரு பள்ளத்தில் என் காரின் இடது பின்சக்கரம் தடக்கென்று இறங்கி ஏறியது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. சில மாதங்களில் அந்த ஒரு டயர் மட்டும் உள்விளிம்பில் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டது. நடுவில் இரண்டு தடவை அலைன்மென்ட் பார்த்தேன். இரண்டு தடவையும் முன்சக்கரத்தைத்தான் திருகி அனுப்பினார்கள். அந்தச் செலவில் கற்றவை இவை.

1. டயரைக் குறுக்காக உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு பக்கம் போகும்போது வழவழப்பும், திரும்பி வரும்போது ரம்பப் பல் போலக் கீறலும் இருந்தால், சக்கரம் நேராக உருளாமல் தரையில் இழுபடுகிறது. ஒரு விளிம்பு மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கலாம். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் முதலில் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள். இரு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். கம்பி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு 1.6 மில்லிமீட்டர் உயரம்; டயரின் பட்டன் தேய்ந்து அந்த மட்டத்துக்கு வந்தாலே டயரின் ஆயுள் முடிந்தது.

2. நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதா? எல்லோரும் முன்சக்கரத்தைத்தான் குறை சொல்வார்கள். பின்சக்கரம் இடப்பக்கம் பார்த்தால், வண்டியை நேராக ஓட்ட ஸ்டியரிங்கையும் இடப்பக்கம் பிடித்தே ஆகவேண்டும். வண்டியின் பின்பாகம் இடப்பக்கம் ஒதுங்கி, நாய் ஓடுகிற மாதிரி குறுக்காக ஓடும். பைக்கில் யாரையாவது பின்னால் வரச் சொல்லுங்கள், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

3. ஆள் கிடைக்காவிட்டால் ஒரு குடம் தண்ணீர் போதும். சிமென்ட் தரையில் ஊற்றி, அதன்மேல் மெதுவாக, நேராக ஓட்டி இறங்கிப் பாருங்கள். முன்சக்கர ஈரத்தடத்திலிருந்து பின்சக்கரத் தடம் இருபுறமும் ஒரே அளவு விலகியிருந்தால் கவலையில்லை. பின்சக்கரத் தடம் இரண்டும் ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தால் அடுத்த குறிப்புக்கு வாருங்கள்.

4. கொத்தனார் நூல். இதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் பைசா செலவில்லை. நெற்களம் மாதிரி சமதளத்தில் வண்டியைச் சில அடி முன்னோக்கி உருட்டி, ரிவர்ஸ் எடுக்காமல் நிறுத்துங்கள். வண்டியின் அகலத்தைவிட நீளமான இரண்டு குழாய்களில் ஒரே இடைவெளியில் குறி போட்டு, ஒன்றை பம்பருக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் ஸ்டூல் மேல் வையுங்கள். குறிக்குக் குறி, சக்கர மையத்தின் உயரத்தில், இருபுறமும் நூல் கட்டுங்கள். முன்சக்கர மையத்திலிருந்து நூல்வரை இடமும் வலமும் ஒரே தூரம் வரும்படி நகர்த்துங்கள். பின்சக்கர மையத்துக்கும் அப்படியே. முன்னும் பின்னும் தூரம் வேறுபட்டால் பரவாயில்லை.

இனி பின்சக்கர டிஸ்க்கின் முன்விளிம்பிலிருந்து நூலுக்கு ஓர் அளவு, பின்விளிம்பிலிருந்து ஓர் அளவு. முன்விளிம்பில் தூரம் அதிகமென்றால் சக்கரம் உள்நோக்கிப் பார்க்கிறது. பெரும்பாலான கார்களில் ஒரு நூல் அளவுக்கு அப்படித்தான் இருக்கும். இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். என் வண்டியில் வலது உள்ளே பார்த்தது, இடது வெளியே பார்த்தது.

5. தூக்குக்குண்டும் உதவும். மட்கார்டிலிருந்து தொங்கவிட்டு, டிஸ்க்கின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஒப்பிடுங்கள்.

6. முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை டேப் பிடியுங்கள், இடமும் வலமும், ஸ்டியரிங் நேராக இருக்கும்போது. ஒரு சென்டிமீட்டர் வேறுபட்டால் விடாதீர்கள். பொலிரோ, லோடு வண்டி மாதிரி பட்டை வைத்த வண்டிகளில் சென்டர் போல்ட் முறிந்து ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருக்கும். கரும்பு, நெல் ஏற்றுகிறவர்கள் இதை அடிக்கடி பார்க்க வேண்டும்.

7. ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். ஆகவே பின்சக்கரத்தைச் சுழற்ற அதை விடுவிக்க வேண்டும். அதற்கு முன் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை நீட்டாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். டிஸ்க் அருகே ஒரு குச்சியை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ஸ்டெப்னியை மாட்டி மறுபடி சுழற்றுங்கள். ஆட்டம் நின்றால் டிஸ்க்தான் வளைந்திருக்கிறது. நிற்காவிட்டால் ஹப்பிலோ பேரிங்கிலோ கோளாறு. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் பேரிங்.

8. டிக்கியை அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டும். ஊஞ்சலாடினாலோ, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தாலோ மாற்றுகிற காலம் வந்துவிட்டது. வேகத்தடையில் பின்னாலிருந்து 'கட் கட்' என்றால் புஷ் பிய்ந்திருக்கலாம்.

9. அலைன்மென்ட் கடையில் நான்கு சக்கரத்துக்கும் அளவு எடுக்கச் சொல்லி, வேலைக்கு முன்னும் பின்னும் அச்சுத்தாள் கேளுங்கள். சின்னக் கார்களில் பெரும்பாலும் இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே இரும்பு ஆக்சில்தான் தாங்குகிறது. அதில் திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. தாளில் பின்சக்கரம் சிவப்பாக வந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று அர்த்தம். "பின்னாடியும் சரி பண்ணிட்டேன் சார்" என்றால், எதைத் திருகினீர்கள் அண்ணே என்று கேளுங்கள். சூடு காட்டி, சம்மட்டியால் அடித்து நிமிர்த்தித் தருகிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சூடுபட்ட இரும்பு எங்கே, எப்போது விடும் என்று அடித்தவருக்கும் தெரியாது.

10. பழைய கார் வாங்குகிறவர்களுக்கு. எங்கள் ஊர் அபிராமேஸ்வரர் கோயிலின் வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவர் தப்ப முடியாது என்பது நெடுங்கால நம்பிக்கை. விற்கிறவர் "ஆக்சிடென்டே இல்ல, சத்தியம்" என்றால் நம்புங்கள், ஆனால் குனிந்தும் பாருங்கள். பின் ஆக்சிலில் வெல்டிங் தழும்பு, ஒரு பக்கம் மட்டும் புது பெயின்ட், ஒரு பக்கம் மட்டும் புது ஷாக் அப்சார்பர். பின்னால் இரண்டும் புத்தம் புது டயர், முன்னால் இரண்டும் பழசு என்றால், கழற்றிய டயர் எங்கே கிடக்கிறது, பார்க்கலாமா என்று கேளுங்கள்.