நாய் சுருண்டு விழுந்தால் டாக்டரின் கண் நீங்கள்தான்

நாய்களை வாக்கிங் கூட்டிப்போகும் வேலை, குரூமிங் கடை, கிளினிக் உதவியாளர்: மும்பை சுனாபட்டிப் பிள்ளைகள் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ இதில் எந்த வேலைக்குப் போனாலும், ஒருநாள் கண்ணெதிரே ஒரு நாய் விழலாம். டாக்டரிடம் கொண்டுசேர்ப்பதற்குள் அது எழுந்து வாலாட்டத் தொடங்கியிருக்கும். விழுந்ததைப் பார்த்தவர் நீங்கள் மட்டுமே. அதைச் சரியாகச் சொல்லத் தெரிவதுதான் இந்தத் தொழிலில் உங்கள் மதிப்பு.

மயக்கமா, வலிப்பா?
ஓடும்போதோ துள்ளும்போதோ துவண்டு விழுந்து, சில நொடிகளில் தெளிந்தால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். டாபர்மேன், பாக்ஸர் இனங்களுக்கு இதயத் தசை நோய் அதிகம். உடல் விறைத்து, கால்கள் உதறி, சிறுநீர் கழித்து, எழுந்தபின்னும் திக்குத் தெரியாமல் சுற்றினால் வலிப்பாக இருக்கலாம்.

ஈறைப் பாருங்கள்
வலிப்பு இல்லை என்றால் மட்டும் உதட்டை மெல்லத் தூக்குங்கள்.
- வெளுப்பு: ரத்தசோகை அல்லது உள்ளே ரத்தக்கசிவு. உண்ணிக் காய்ச்சல், எலி மருந்து, முதிய நாய்களுக்கு மண்ணீரல் கட்டி உடைவது காரணமாகலாம்.
- நீலம்: மூச்சு அல்லது இதயக் கோளாறு.
- கருஞ்சிவப்பு, கடும் இளைப்பு: வெப்பத் தாக்கு. பக் போன்ற சப்பைமூக்கு நாய்களை மும்பையின் மே மாதப் புழுக்கமே வீழ்த்திவிடும்.

சாப்பிடாத குட்டி சோர்ந்து விழுந்தால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம்.

உடனே செய்ய வேண்டியது
மணி பாருங்கள், போனில் வீடியோ எடுங்கள். வாய்க்குள் கை விடாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். வெப்பத் தாக்கு என்றால் குழாய்த் தண்ணீரால் உடலை நனைத்து, விசிறிக்கொண்டே கிளம்புங்கள். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் அவசர கேஸ்.

"திடீர்னு விழுந்துடுச்சு சார்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "காலை 7.10, மாடிப்படி ஏறும்போது விழுந்தது, 20 நொடி துவண்டு கிடந்தது, ஈறு வெளுப்பு, எழுந்ததும் தெளிவு" என்று சொல்லுங்கள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை என்று டாக்டர் நேரே இறங்கிவிடுவார்.

உங்கள் எல்லை
இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984-இன்படி, வைத்தியம் பார்ப்பது பதிவுபெற்ற டாக்டரின் வேலை. முதலாளி வற்புறுத்தினாலும், டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் ஊசியைத் தொடாதீர்கள்.

டாக்டராகவே ஆசையா? பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலும் நீட் தேர்வும் வேண்டும். பயிற்சிக்காலம் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. 1886-இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி, பக்கத்திலேயே பரேலில் இருக்கிறது.